சீட்டும் சரக்கும்

நாவல் எழுதுகிறவன் விஞ்ஞானப் புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வந்தால், "உமக்கு எதற்கு ஐயா இந்த வேலை?" என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். விஞ்ஞானத்தைப் பற்றி விஞ்ஞானிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப்பட்டது என்று ஒன்று இருக்கிறது. அது எழுத்து. எழுத்து என்று வந்துவிட்டால், அதில் எது உயிருள்ளது, எது ஒட்டவைத்தது என்று பார்க்க எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையை வைத்துக்கொண்டு இரண்டு புத்தகங்களையும் ஒரு தாளையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

புத்தகங்களில் ஒன்று மைக்கேல் கோல்டு என்பவர் 1986-ல் எழுதிய 'உயிரணுக்களின் சதி.' மற்றது ரெபெக்கா ஸ்க்லூட் 2010-ல் வெளியிட்ட 'ஹென்ரியெட்டா லாக்ஸின் அழியாத வாழ்வு.' இரண்டும் அமெரிக்கப் புத்தகங்கள். இரண்டாவதை உலகம் முழுவதும் வாசித்திருக்கிறார்கள், சினிமாவாகக்கூட எடுத்துவிட்டார்கள். மூன்றாவதான தாளை யாரும் வாசிப்பதற்காக வாசித்திருக்க மாட்டார்கள். ஏ-431 என்ற பெயருள்ள மனித உயிரணுக்களை எப்படி வளர்ப்பது, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று சோதனைச்சாலைக்காரர்களுக்குச் சொல்லும் குறிப்பு அது. இலக்கியம் என்று யாருமே சொல்லத் துணியாத அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஏ-431 என்பது ஒரு தோல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தது. 1973-ல் கியார்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பல நோயாளிகளின் கட்டிகளிலிருந்து துணுக்குகளை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரங்களில் வளர்க்க முயன்றார்கள். பிழைத்து வளர்ந்தவற்றில் ஒன்று இது. ஆராய்ச்சிக்காரர்கள் இதை 'செல் லைன்' என்கிறார்கள். வம்சம் என்று நாம் சொல்லலாம். சாதாரண மனித உயிரணுவைப் பாத்திரத்தில் வளர்த்தால் ஏறக்குறைய ஐம்பது தடவை இரண்டிரண்டாகப் பிரியும், பிறகு ஓய்ந்துவிடும். ஹேஃப்ளிக் என்பவர் 1961-ல் இதைக் காட்டினார். புற்றுநோய் உயிரணுவுக்கு அந்தக் கணக்குக் கிடையாது. தீனி போடுகிறவரை பெருகிக்கொண்டே இருக்கும். வம்சம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஆனால் எவ்வளவு விபரீதமான வம்சம்!

இந்த வம்சத்தின் மூலபுருஷியைப் பற்றி அந்தத் தாள் சொல்வது மூன்றே விவரங்கள். பெண். வயது 85. தோலின் மேற்புறத்தில் புற்று. பெயர் இல்லை, ஊர் இல்லை, குடும்பம் இல்லை. அதற்குப் பிறகு தாள் நேராக வேலைக்குப் போய்விடுகிறது.

என்ன வேலை? உறைந்த குப்பி வந்து சேர்ந்தவுடனே வளர்க்கத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் திரவ நைட்ரஜனின் ஆவியில் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே 70 டிகிரிதானே, போதாதா என்று சாதாரணக் குளிர்ப்பெட்டியில் போட்டு வைத்தால் நாளடைவில் செத்துப் போகும். உருக்கும்போது வேகம் வேண்டும். உடம்புச் சூடான 37 டிகிரியில் உள்ள நீரில் குப்பியை மெதுவாக ஆட்டி, ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்குள் உருக்கிவிட வேண்டும். குப்பியின் மூடி நீருக்கு மேலேயே இருக்க வேண்டும். தப்பித் தவறி ஒரு துளி உள்ளே கசிந்தால் அதனோடு பூஞ்சையும் கிருமியும் உள்ளே போய்விடும். பிறகு சாராயத்தால் குப்பியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

உயிரணுக்களுக்குத் தீனி, உப்புகளும் சர்க்கரையும் வைட்டமின்களும் கலந்த ஒரு திரவம். அதில் பத்தில் ஒரு பங்கு, கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு கரியமிலவாயு கலந்த இன்குபேட்டருக்குள் பாத்திரத்தை வைக்கிறார்கள். திரவத்தில் பீனால் ரெட் என்ற சாயம் ஒரு சொட்டு இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறவரை அது சிவப்பாக இருக்கும். உயிரணுக்கள் தின்று கழித்துப் புளிப்பேறிவிட்டால் மஞ்சளாகிவிடும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு தளம் பாவினாற்போலப் பரவும் உயிரணுக்கள் இடம் நிறைந்ததும், டிரிப்ஸின் என்ற ஜீரண ரசத்தை ஊற்றி ஒட்டைப் பிரித்து, ஒரு பங்கைப் புதுப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை திரவத்தை மாற்ற வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுகிறோம். இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைக்கு. பாட்டி காலத்து உறை என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் உண்டு. பாட்டி போய்விட்டாள், உறை இருக்கிறது. 1973-ல் பிரித்த உறையிலிருந்து இன்றைக்கும் உலகத்தின் எத்தனையோ ஊர்களில் ஏ-431 வளர்ந்துகொண்டிருக்கிறது.

அதை வளர்த்துப் பிரயோஜனம் என்ன என்று வாசகர் கேட்கலாம். நம் உயிரணுக்களின் மேற்பரப்பில், 'வளர்' என்ற உத்தரவை வாங்கிக்கொள்ளும் ஒருவகை ஏற்பிகள் இருக்கின்றன. மற்ற உயிரணுக்களில் அவை கொஞ்சமாக இருப்பதால் தனியே பிரித்து ஆராய்வது கஷ்டம். ஏ-431-ல் ஓர் உயிரணுவுக்கு 20 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் ஸ்டான்லி கோஹன் இந்த உயிரணுக்களைக் கொண்டுதான் அந்த ஏற்பியைப் பிரித்தெடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக 1986-ல் அவருக்கும் ரீட்டா லெவி-மான்டால்சினிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஏற்பியை அடைத்து வைக்கும் ஸெடுக்ஸிமாப் என்ற மருந்தும் ஏ-431-ன் ஏற்பியை எலிக்குச் செலுத்தி உண்டாக்கிய எதிர்ப்பொருளின் வழியாகப் பிறந்ததே. அமெரிக்காவில் அதைக் குடல் புற்றுநோய்க்கு 2004-லும், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு 2006-லும் அனுமதித்தார்கள். பெயர் தெரியாத ஒரு கிழவியின் தோலில் வந்த கட்டி இவ்வளவு செய்திருக்கிறது.

தாளின் நடைக்கு வருகிறேன். அதில் உவமை இல்லை, உணர்ச்சி இல்லை. ஆனால் ஒரு வாக்கியமாவது வீணாக இல்லை. எது சொல்லப்பட்டிருக்கிறதோ அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பின்னால் யாரோ ஒருவர் கண்ட நஷ்டம் இருக்கிறது. மூடியை நனைத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். சாதாரணக் குளிர்ப்பெட்டியை நம்பியவர் ஒருவர் இருந்திருக்கிறார். அனுபவத்தைச் சுண்டக் காய்ச்சினால் கடைசியில் இப்படித்தான் நிற்கும். நம்முடைய கதைகளில் எத்தனை வாக்கியங்களுக்கு இப்படிக் காரணம் சொல்ல முடியும் என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பத்திரப்படுத்தும் பகுதி இன்னும் விசேஷமானது. உயிரணுவுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். உறைந்தால் அது ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி உயிரணுவைக் கிழித்துவிடும். ஆகையால் வளர்ப்புத் திரவத்தோடு டைமெத்தில் ஸல்பாக்ஸைடு என்ற பொருளை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சேர்த்து, நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்ல மெல்லக் குளிர்விக்கிறார்கள். தண்ணீர் நிதானமாக வெளியேற அவகாசம் கிடைக்கிறது. பிறகு உறைநிலைக்குக் கீழே 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிக்குக் குப்பி போகிறது. அங்கே காலம் நின்றுவிடுகிறது. உறைய வைப்பது மெதுவாக, உருக்குவது வேகமாக. இரண்டையும் மாற்றிச் செய்தால் செத்த உயிரணுக்கள்தாம் மிஞ்சும்.

இப்படி உறைய வைக்கும் வித்தை பிறந்த கதையே ஒரு சீட்டுத் தகராறுதான். லண்டனை அடுத்த மில் ஹில்லில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் விந்தணுக்களை உறைய வைத்துப் பிழைக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழச் சர்க்கரைக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள்; பலன் இல்லை. சில மாதங்கள் கழித்து, குளிர் அறையில் எடுத்து வைத்திருந்த அதே கரைசலைக் கொண்டு மறுபடி முயன்றார்கள். உருக்கிப் பார்த்தால் விந்தணுக்கள் துள்ளின! சந்தோஷத்தோடு புதிதாகச் சர்க்கரைக் கரைசல் செய்து பார்த்தார்கள், பழையபடியே தோல்வி. சந்தேகம் வந்து, பழைய புட்டியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அதில் சர்க்கரையே இல்லை. இருந்தது கிளிசரினும் முட்டை வெண்கருச் சத்தும்! சீட்டு மாறிப்போயிருந்தது. 1949-ல் கிளிசரினின் மகிமை உலகத்துக்குத் தெரிந்தது. பத்து வருஷம் கழித்து லவ்லாக்கும் பிஷப்பும் டைமெத்தில் ஸல்பாக்ஸைடை அதே வேலைக்குக் கொண்டுவந்தார்கள்.

வாசகர்கள் இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுத் தவறியது யதேச்சை. ஆனால் புட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டார்களே, அது யதேச்சை அல்ல. அந்தக் கேள்விதான் தவற்றைக் கண்டுபிடிப்பாக மாற்றியது.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தோல் புற்றுநோயின் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஹூஸ்டன் நகரத்தில் 1976-ல் மார்புப் புற்றுநோய் கண்ட 31 வயதுப் பெண் ஒருத்தியின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து ஓர் உயிரணு வம்சத்தை எடுத்து வளர்த்தார்கள். எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்று பெயர். மார்புப் புற்றுநோய் எப்படி உடம்பெங்கும் பரவுகிறது என்று ஆராய, இதைப் போல வசதியான வம்சம் இல்லை என்று உலகமெங்கும் வாங்கி வளர்த்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2000-ஆம் ஆண்டில், அறுபது வம்சங்களில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒருசேரப் பார்த்தபோது, இது மட்டும் மார்புப் புற்றுநோய்ப் பந்தியில் உட்காராமல் மெலனோமா என்னும் கருந்தோல் புற்றுநோய்ப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. 2007-ல் இது எம்-14 என்ற மெலனோமா வம்சத்தோடு ஒன்றேதான் என்று காட்டினார்கள். அப்படியும் வாதம் ஓயவில்லை. ஒருவேளை எம்-14 புட்டியில்தான் மார்புப் புற்றுநோய் புகுந்துவிட்டதோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எம்-14 கொடுத்த நோயாளியினுடைய பழைய சேமிப்பு வரைக்கும் போய்ப் பார்த்து, எம்-14 அசல் மெலனோமாதான் என்று 2018-ல் முடிவு கட்டினார்கள். அந்த நோயாளி ஓர் ஆண்.

யோசித்துப் பாருங்கள். பெண்ணின் மார்பு என்று சீட்டு. உள்ளே ஆணின் தோல். பக்கத்து வீட்டுத் தயிர் நம் சட்டிக்குள் எப்போதோ விழுந்து உறைந்துவிட்டது. நாம் பாட்டி காலத்து உறை என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். ஒரே குழாயை இரண்டு பாத்திரத்தில் விட்டால் போதும். வேகமாகப் பெருகுவது மற்றதை விழுங்கிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கட்டுரைகளை நம்பி மேலே வேலை செய்தவர்களின் வருஷங்களும் பணமும் போயின. எந்தப் பெண்களுக்காக அந்த வேலை நடந்ததோ, அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. இன்னும் விசித்திரம், 2007-க்குப் பிறகும் பழைய சீட்டை நம்பிய கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. பொய் என்று தெரிந்த பிறகும் சீட்டு உதிர்வதில்லை.

இதைப் பற்றி முன்னாலேயே எச்சரித்த ஒருவருடைய கதைதான் கோல்டின் 'உயிரணுக்களின் சதி.' 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்பவர், வெவ்வேறு பெயர்களில் நடமாடிய 18 வம்சங்கள் உண்மையில் ஹீலா என்ற ஒரே வம்சம்தான் என்று ஒரு மகாநாட்டில் சொன்னார். கலிபோர்னியாவில் உயிரணுச் சேமிப்பு நிலையம் ஒன்றை நடத்திய வால்டர் நெல்ஸன்-ரீஸ் 1970-களில் இதைப் பெரிய அளவில் பரிசோதித்து, எந்தெந்தப் புட்டியில் எது என்று பெயர் பெயராக ஜாபிதா வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? தங்கள் புட்டியைத் தொட்டுவிட்டான் என்று பல பெரியவர்களுக்குக் கோபம். 1981-ல் அவருடைய நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த சர்க்கார் பணம் நின்றது. அவர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு ஓவியம் விற்கப் போய்விட்டார். விமர்சகனுக்கு நேரும் கதி சோதனைச்சாலையிலும் இலக்கியச் சபையிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

கோல்டுக்கு இந்தக் கதையின் முக்கியத்துவம் தெரிந்திருக்கிறது. வேகமாகவும் சுவாரஸ்யமாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தேர்ந்துகொண்ட பாணி துப்பறியும் நாவல். ஒரு வீரன், சில பிடிவாதக்காரர்கள், ஒரு சதி. தலைப்பிலேயே உயிரணுக்களுக்குச் சதி செய்யும் புத்தியைக் கொடுத்துவிட்டார். உண்மையில் சதி ஏது? களைத்துப்போன ஒருவர் ஒரு மாலையில் ஒரு சீட்டை மாற்றி ஒட்டியிருப்பார், அவ்வளவுதான். சாதாரண அஜாக்கிரதை எப்படிப் பெரிய பொய்யாக வளர்கிறது என்பதுதான் இங்கே அசல் விஷயம். அதைத் துப்பறியும் கதையாக்கினால் வாசகன் வில்லனைத் தேடுகிறான். அகப்பட்டவுடன் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறான். இன்னொரு குற்றமும் உண்டு. ஹீலா உயிரணுக்கள் யாருடைய உடம்பிலிருந்து வந்தனவோ, அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளிலிருந்து விவரங்களை எடுத்து அவர் அச்சிட்டார். அவளுடைய குடும்பத்தாரைக் கேட்கவில்லை. புட்டியின் சீட்டில் அவ்வளவு கவனம் காட்டிய புத்தகம் மனுஷியின் விஷயத்தில் கவனக்குறைவாக இருந்துவிட்டது.

அந்தப் பெண்தான் ஹென்ரியெட்டா லாக்ஸ். வர்ஜீனியாவில் புகையிலை விளையும் பகுதியில் வளர்ந்த கறுப்பு இனத்துப் பெண். 1951-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் பால்டிமோர் ஆஸ்பத்திரியில் 31-ஆவது வயதில் இறந்தாள். அவளைக் கேட்காமலே எடுத்த துணுக்குதான் ஹீலா. அவளுக்கும் பொய்ச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: வெகு காலம் பத்திரிகைகளில் ஹெலன் லேன் என்ற பெயரே உலவியது. அவளுடைய உண்மைப் பெயரை உலகமெங்கும் பரவலாகத் தெரியச் செய்தவர் ஸ்க்லூட். பத்து வருஷத்துக்கு மேல் அலைந்து, குடும்பத்தாரின் அவநம்பிக்கையைத் தாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார். அதன் பலன்களும் தொடர்ந்தன. அந்த உயிரணுக்களின் மரபணு விவரங்களை யார் பார்க்கலாம் என்பதில் குடும்பத்துக்கும் இடம் கொடுத்து 2013-ல் ஓர் ஏற்பாடு நடந்தது. உயிரணுக்களை விற்றுப் பணம் சேர்த்த கம்பெனி ஒன்றோடு குடும்பம் போட்ட வழக்கு 2023-ல் சமரசத்தில் முடிந்தது.

புத்தகத்தின் உச்சம் எது என்று கேட்டால் ஓரிடத்தைச் சொல்வேன். ஹென்ரியெட்டாவின் மகள் டெபோராவைச் சோதனைச்சாலைக்கு அழைத்துப்போய், உறைந்த குப்பியை அவள் கையில் கொடுக்கிறார்கள். அவள் தன் தாய்க்குக் குளிருமே என்று அதை வாயால் ஊதிச் சூடேற்றுகிறாள். 37 டிகிரி, இரண்டு நிமிஷம் என்று தாள் சொல்வதை அவள் மூச்சுக்காற்றால் செய்கிறாள். இந்தக் காட்சியை எந்த நாவலாசிரியனும் பொறாமையோடுதான் வாசிப்பான். ஸ்க்லூட் இங்கே ஒன்றும் கூட்டவில்லை; கண்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதுதான் அதன் பலம்.

ஆனால் புத்தகம் முழுவதும் அந்த ஒதுக்கம் இல்லை. தலைப்பே 'அழியாத வாழ்வு' என்கிறது. வாசித்து முடித்தவர்கள் பலருக்கு, ஹென்ரியெட்டா இன்னும் புட்டிகளில் வாழ்ந்துகொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. மகளுக்கு அந்த நம்பிக்கை இருக்கலாம். அதை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். வாசகனுக்கும் அதே நம்பிக்கையைக் கொடுத்து அனுப்புவது வேறு விஷயம். புட்டியில் வளர்வது அந்தப் பெண் அல்ல. அவளைக் கொன்ற வியாதி. வியாதி அழியாமல் இருப்பதை மனுஷி அழியாமல் இருப்பதாகச் சொன்னால், அதுவும் சீட்டு மாறியதுதான். இனிமையான சீட்டு, ஆனாலும் தவறான சீட்டு.

நம் தமிழுக்கு இந்த விவகாரம் அந்நியமானதல்ல. ஏடு பெயர்த்து எழுதுகிறவன் கை ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்தை மாற்றிவிடும். ஒரு நூலின் ஓலை இன்னொரு கட்டில் கலந்துவிடும். உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் கிடைத்த பிரதிகளையெல்லாம் தேடி வைத்து ஒப்பிட்டார். ஏட்டுக் கட்டின் மேல் எழுதியிருந்த பெயரை மட்டும் நம்பி அவர் அச்சுக்குக் கொடுத்திருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும்? உயிரணு வளர்க்கிறவர்களும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். பாத்திரம் மாற்ற மாற்ற உயிரணுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரிந்துபோகும்; ஆகையால் ஆரம்பத்திலேயே பல குப்பிகளை உறைய வைத்து மூலப்பிரதியாகப் பாதுகாத்து, அடிக்கடி அதற்கே திரும்பிப் போகிறார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணு எண்களைப் பார்த்து, இது இன்னாருடையதுதான் என்று கைரேகை பார்ப்பதுபோல நிச்சயம் செய்கிறார்கள். தவறான பெயரில் திரிந்த வம்சங்களின் ஜாபிதா ஒன்றை ஒரு சர்வதேசக் குழு வைத்திருக்கிறது. அதில் 500-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நெல்ஸன்-ரீஸ் செய்த வேலையை இன்று யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்வதில்லை.

இனி என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ-431 தாளைக் கதை எழுதுகிறவன் எவன் கையில் கொடுத்தாலும் ஓர் ஆசை வரும். 85 வயது, பெண். போதாதா? ஒரு வீட்டைக் கட்டி, அதன் திண்ணையில் அவளை உட்கார வைத்து, சாயங்கால வெயிலில் அவள் நெற்றியில் ஒரு புண்ணைக் காட்டலாம். பேரன் ஒருவனை உண்டாக்கலாம். டாக்டர் கேட்காமல் வெட்டி எடுத்ததாகச் சொல்லிக் கோபத்தை மூட்டலாம். கேட்டு எடுத்ததாகச் சொல்லிக் கண்ணீரை வரவழைக்கலாம். வாசகர்கள் உருகுவார்கள். "உண்மைக் கதை" என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் இன்னும் உருகுவார்கள்.

அந்த ஒரு வரியைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். கதை எழுதக்கூடாது என்பதல்ல. கதை என்று சீட்டு ஒட்டி எழுதினால் எவருக்கும் நஷ்டமில்லை. கற்பனைக் கிழவிக்கு எந்தப் பெயரையும் வைக்கலாம். ஆனால் நிஜமான ஒரு குப்பியின் மேல் கற்பனைப் பெயரை ஒட்டுகிறவன், 435-ம் நம்பர் புட்டியில் மார்பு என்று எழுதியவனைவிட உயர்ந்தவன் அல்ல. அவனாவது தெரியாமல் செய்தான். ஸ்க்லூட் பத்து வருஷம் உழைத்துச் சம்பாதித்த உரிமையை, இவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மத்தியானத்தில் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். தவிர, அந்த அம்மாளின் பெயர் தெரியாமலிருப்பதிலேயே அவளுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தன் பெயரும் ஆஸ்பத்திரிக் குறிப்பும் ஊரெல்லாம் அச்சாவதற்கு அவள் சம்மதித்தாள் என்று யார் சொன்னது?

இப்போதெல்லாம் கதைப் புத்தகங்களின் அட்டையிலும் சினிமா விளம்பரத்திலும் "உண்மைச் சம்பவம்" என்ற சீட்டு தாராளமாக ஒட்டப்படுகிறது. வாசகர்கள் அதைப் பார்த்தே வாங்குகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மில் ஹில் ஆசாமிகள் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்: புட்டிக்குள் இருப்பது என்ன? சீட்டைப் படித்துவிட்டு உருகாதீர்கள். சரக்கைப் பார்த்துவிட்டு உருகுங்கள்.

மூன்றையும் வாசித்த பிறகு என் தீர்ப்பு இது. கோல்டின் புத்தகத்தை அதிலுள்ள செய்திக்காக வாசிக்கலாம். ஸ்க்லூட்டின் புத்தகத்தை அதிலுள்ள மனிதர்களுக்காக வாசிக்கத்தான் வேண்டும். தாளை யாரும் வாசிக்கச் சொல்லமாட்டேன். எழுதுகிறவர்கள் மட்டும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. தனக்குத் தெரிந்ததை முழுக்கச் சொல்கிறது; தெரியாததைத் தொடவில்லை. உறைய வைப்பதை, உருக்குவதை, ஊட்டுவதை, பிரிப்பதை ஒரு தாயின் கவனத்தோடு சொல்லிவிட்டு, அந்த அம்மாளிடம் வரும்போது அடக்கமாக நின்றுவிடுகிறது. பெண், வயது 85, தோலின் மேற்புறத்தில் புற்று. அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க அந்தத் தாளுக்கு உரிமை இல்லை. எனக்கும் இல்லை.